பகலில் ஏற்றிய விளக்கு

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய சனி இரவில் கத்தோலிக்க ஆலயங்களில் நடைபெறும் சடங்கைக் கொட்டாஞ்சேனையில் வாழ்வோர் நன்கறிவர். ஆலயத்தின் விளக்குகள் யாவும் அணைக்கப்படுகின்றன. வெளியே புதுத்தீ மூட்டப்பெற்று, அதிலிருந்து பாஸ்காத் திரி ஏற்றப்படுகிறது. குரு அதை ஏந்தி இருளினூடே உள்ளே வர, மக்கள் தத்தம் கையிலுள்ள மெழுகுதிரிகளை அதிலிருந்து ஒருவர்பின் ஒருவராக ஏற்றிக்கொள்கின்றனர். சிறிது நேரத்தில் ஆலயம் முழுவதும் ஒளி பரவுகிறது. கிறிஸ்தவத்தின் மையக் கருத்தொன்றை, எழுத்தறியாதவரும் உணருமாறு எடுத்துக்காட்டும் சடங்கு இது.

இதைப் பற்றிய வரலாற்றுச் செய்தியொன்று நம்மிற் பலர் அறியாதது. பல நூற்றாண்டுகளாக இந்தச் சடங்கு சனிக்கிழமை காலையிலேயே, பட்டப்பகலில் நடந்து வந்தது. 1951ஆம் ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதனை மீண்டும் இரவில் நடத்த அனுமதி வழங்கினார். 1956இலிருந்து அதுவே எங்கும் விதியாயிற்று. அதுவரை தலைமுறை தலைமுறையாக மக்கள் சூரிய வெளிச்சத்திலே நின்றுகொண்டு, இருளை வென்ற ஒளியைப் பற்றிய வாசகங்களைக் கேட்டு வந்தனர். சடங்கின் வாசகங்களும் நின்றன, திரியும் நின்றது. இல்லாமற் போனது இருள் ஒன்றே. ஆனால் அது போனதும் ஒளிக்கும் பொருள் குன்றிவிட்டது.

தமிழிலே கிறிஸ்தவ இலக்கியம் ஒளியைப் பாடிவந்த வரலாற்றை நோக்குமிடத்து இச்செய்தி அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஒளியைப் பாடியவர் பலர். எந்த இருளுக்கு எதிராக அந்த ஒளி ஏற்றப்பட்டது என்பதே ஒரு விமர்சகன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி. முற்போக்கு எழுத்தாளராகிய நாம் இக்கேள்வியைக் கேட்கத் தவறியிருக்கிறோம். சமயப் பிரசாரம் என்று ஒதுக்கிவிட்டு, அதன்மூலம் நம் கடமை முடிந்ததாகக் கருதினோம். சமயத்தை மக்களின் அபின் என்றுரைத்த கார்ல் மார்க்ஸ், அதே பந்தியில் அதனை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சு என்றும் குறித்தார் என்பதை மேடைகளில் வசதியாக மறந்துவிடுகிறோம். பெருமூச்சு விடுபவனிடம் காரணம் கேட்காதவன் மக்கள் இலக்கியம் பேசத் தகுதியுடையவனல்லன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிமார் கண்ட இருளை முதலில் எடுத்துக்கொள்வோம். ரெஜினால்ட் ஹீபர் 1819இல் ஆங்கிலத்தில் எழுதிய புகழ்பெற்ற மிஷனரிப் பாடலில் நமது இலங்கையின் பெயர் இடம்பெறுகிறது. தீவின் இயற்கை வனப்பைப் புகழும் அப்பாடல், அதில் வாழும் மனிதரை இகழ்கிறது. அவர்கள் இருளில் உழல்வோர், அவர்களுக்கு விளக்கைக் கொண்டுசெல்வது ஒளிபெற்ற தம்மவர் கடன் என்கிறது. பின்னர் கல்கத்தாவின் பிஷப்பாகி, 1825இல் இலங்கைக்கும் வந்து, 1826இல் திருச்சிராப்பள்ளியில் இறந்த இவர் தனிப்பட்ட முறையில் நல்லுள்ளம் படைத்தவராகவே அறியப்படுகிறார். ஆகவே இது ஒருவரின் குணக்குறையன்று. ஏகாதிபத்தியம் தன் விரிவாக்கத்துக்கு மொழியொன்றைத் தேடியபோது, ஒளியென்னும் உருவகம் அதன் கைக்கு எளிதாக எட்டியது. இந்த முதலாவது வகையில் இருள் என்பது மற்றவனுடைய சமயம், மற்றவனுடைய பண்பாடு, மற்றவனுடைய தோல்.

இங்கு நாம் நடுநிலை தவறலாகாது. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய பத்திரிகைக்கு 'உதயதாரகை' என்ற பெயர் இடப்பட்டது. விடிவெள்ளி என்னும் அப்பெயரும் விவிலியத்தின் ஒளி மரபிலிருந்தே வந்தது. புறச்சமயத்தை இருளென்று கண்ட அதே மிஷன், அச்சையும் பள்ளிக்கூடத்தையும் கொண்டுவந்தது. 1824இல் உடுவிலிலே பெண்களுக்குப் பாடசாலை நிறுவியது. சாமுவேல் கிறீன் என்ற மருத்துவர் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அதே அச்சுக்கூடத்தையும் அதே பிரசங்க மேடையையும் ஆறுமுக நாவலர் கைக்கொண்டு அவர்களுக்கு மறுப்புரைத்தார் என்பது இயக்கவியலை விளங்கிக்கொண்டவர்களுக்கு வியப்பளிக்காது. கொண்டுவந்தவனின் நோக்கத்தைக் கடந்தும் ஒளி வேலை செய்யும்.

இரண்டாவது வகை இருளை எச். ஏ. கிருஷ்ணபிள்ளையிடம் காண்கிறோம். திருநெல்வேலிச் சீமையில் வைணவராகப் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரான அவர் 1894இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்', ஜோன் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி எழுந்த பெருங்காப்பியம். கம்பனில் தோய்ந்த அவரது விருத்தங்களின் ஓட்டம் தமிழ்க் கவிதைக்குக் கிடைத்த பேறு. வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியிலே தொடங்கிவைத்த பணி, தமிழ் மண்ணிலே பிறந்த ஒருவரின் கையில் இங்கு முதிர்ச்சியடைகிறது. கதையின் அடிப்படை இதுதான்: அழிவுக்குரிய நகரத்திலிருந்து ஒருவன் வெளியேறித் தொலைவிலே தெரியும் ஒளியை நோக்கிப் பயணம் செய்கிறான். இருள் இங்கே மற்றவனுடையதன்று, தன்னுடைய பாவம். முன்னையதினும் இது நேர்மையான நிலை. தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்பவன் பிறரை இகழ அவசரப்படமாட்டான்.

ஆயினும் இந்நிலைக்கும் ஓர் எல்லையுண்டு. பனியன் ஒரு பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலாளி. அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660இலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் பெட்போர்ட் சிறையில் இருந்தவர். அவருடைய நூலிலே வரும் மாயச் சந்தையில் பட்டங்களும் பதவிகளும் நாடுகளும் விலைக்கு விற்கப்படுகின்றன; நேர்மையான பயணி ஒருவன் வஞ்சகமான நீதிமன்றத்தால் கொல்லப்படுகிறான். சிறையை அறிந்தவனின் அனுபவம் அது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இக்கதை மேடைகளிலும் பிரசங்கங்களிலும் எடுத்தாளப்பட்டபோது பெரும்பாலும் எஞ்சியது தனி ஆன்மாவின் பயணமே. சந்தையும் நீதிமன்றமும் பின்னணிக்குச் சென்றன. ஒளியை நோக்கி ஒருவன் தனியே ஓடுகிறான். எரியப்போகும் நகரம் பின்னால் இருக்கிறது. அந்நகரில் எஞ்சியோரின் கதி என்னவென்று கேட்பாரில்லை.

மூல நூல்களுக்குச் சென்றால் மூன்றாவது இருளொன்று அங்கே காத்திருக்கிறது. இருளில் நடந்த மக்கள் ஒளியைக் கண்டதாக ஏசாயா தீர்க்கதரிசி கூறும் பகுதி ஒவ்வொரு நத்தாருக்கும் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. அதை அடுத்து வரும் வாக்கியங்களைக் கூர்ந்து கவனிப்போர் சிலரே. மக்களின் தோள்மீதிருந்த நுகம் முறிவதையும், ஒடுக்குவோனின் கோல் ஒடிவதையும், போர்வீரரின் காலணிகளும் குருதி தோய்ந்த உடைகளும் தீக்கிரையாவதையும் அவை கூறுகின்றன. அசீரியப் பேரரசு வடபுல மக்களை நசுக்கிய காலத்துக் குரல் அது. இருள் இங்கே அறியாமையுமன்று, தனிமனித பாவமுமன்று. பெயர் சொல்லிச் சுட்டக்கூடிய ஓர் ஆட்சி. யோவானின் நற்செய்தி இன்னோர் உண்மையைச் சேர்க்கிறது: தீமை செய்வோர் ஒளியை வெறுப்பது தம் செயல்கள் வெளியாகிவிடும் என்ற அச்சத்தாலே என்கிறது. ஆகவே ஒளிக்கு இரு தொழில்கள் உண்டு. ஒன்று ஆறுதலளிப்பது, மற்றது மறைக்கப்பட்டதைக் காட்டுவது. நமது இலக்கியம் முதலாவதைப் போற்றி வளர்த்தது, இரண்டாவதைக் கைவிட்டது.

தமிழ் மரபுக்கு இது புதிதுமன்று. பொய்யாமையையே சான்றோரின் விளக்காகக் கண்டவர் வள்ளுவர். சோதி வழிபாட்டை நிறுவிய வடலூர் வள்ளலார், 1872இல் ஞானசபையை எழுப்புவதற்கு முன்னரே, 1867இல் தருமச்சாலையின் அடுப்பை மூட்டினார். பசியென்று தம் காலத்து இருளுக்குப் பெயரிட்ட பின்னரே அவர் ஒளியைப் பற்றிப் பேசினார். இலங்கைக் கத்தோலிக்கரிடையிலும் அத்தகையோர் தோன்றினர். வண. போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியிலே அமைத்த நிறுவனத்துக்குச் 'சத்யோதய' என்று பெயரிட்டார். உண்மையின் உதயம் என்பது அதன் பொருள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையகத் தமிழரின் லயன்களுக்குள் அந்த உதயம் எட்டவேண்டுமென்பது அவர் கருத்து. வண. திஸ்ஸ பாலசூரிய, வலியோரைக் கீழே தள்ளிப் பசித்தோரை நிரப்பும் இறைவனைப் பாடிய மரியாள், சாந்தமே உருவான பதுமையாக்கப்பட்டதை 1990இல் வெளிவந்த தமது நூலிலே கண்டித்தார். அந்நூலின் பொருட்டு 1997இல் திருச்சபையினின்று விலக்கப்பட்டு, மறு ஆண்டில் மீளச் சேர்க்கப்பட்டார். ஒளியின் இரண்டாவது தொழிலை நினைவூட்டுவோர்க்கு ஆலயத்தினுள்ளும் எளிதில் இடம் கிடைப்பதில்லை.

இவற்றையெல்லாம் ஏட்டளவில் ஆராய்ந்துவிட்டு அமைதி காணமுடியாத ஊரில் நாம் வாழ்கிறோம். கொட்டாஞ்சேனைப் பேராலயம் புனித லூசியாளின் பெயரைத் தாங்கியது. ஒளி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதன் அயலிலேதான் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம் உள்ளது. 2019 ஏப்ரல் 20ஆம் திகதி இரவு பாஸ்காத் திரி ஏற்றப்பட்டது. மறுநாட் காலையிலே அவ்வாலயத்திலும், கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதம் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும், எக்குற்றமும் செய்யாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஹீபரின் பாடலில் நாம் கண்ட முதலாவது இருள், ஒரு சமூகம் முழுவதையும் இருளென்று சுட்டும் அந்தப் பழைய பழக்கம், இங்கே கல்லும் தீயுமாக மீண்டும் வந்தது. வெள்ளவத்தையில் 1983 ஜூலையைக் கண்ட மூத்தோருக்கு அது அந்நியமான காட்சியன்று. வாக்காளர் இடாப்பை வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடி எரித்த அந்நாட்களில் இரவுகள் மிக வெளிச்சமாக இருந்தன என்று என் தாயார் கூறுவார். எரியும் தீயெல்லாம் விளக்காகிவிடாது.

2019இன் குண்டுவெடிப்புகளுக்கு முன் எச்சரிக்கைகள் கிடைத்தும் அரசின் பொறுப்பாளர்கள் செயற்படத் தவறினர் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தமது சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு வழங்கவேண்டுமெனப் பணித்தது. ஆறுதலுடன் அமைந்துவிடாது முழு உண்மையையும் கேட்டு நின்ற குடும்பங்களின் விடாமுயற்சிக்கு இத்தீர்ப்பில் பங்குண்டு. ஒளியின் இரண்டாவது தொழில் இதுவே. இலக்கியத்தைக் காட்டிலும் வழக்குமன்றில் நின்ற சாதாரண மக்கள் அதைத் தெளிவாக விளங்கிக்கொண்டனர் என்பது எழுதுவோராகிய நமக்குப் பெருமை தருவதன்று. அந்நிகழ்வைப் பற்றி வெளிவரும் கவிதைகள் பலவற்றை ஆண்டுதோறும் படிக்கிறேன். மெழுகுதிரி உருகுகிறது, கண்ணீர் சிந்துகிறது, விடியும் என்ற நம்பிக்கை கூறப்படுகிறது. இழந்தோருக்கு அந்த ஆறுதலும் வேண்டியதே. அதை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் யார், ஏன், எவ்வாறு என்ற சொற்கள் அக்கவிதைகளில் இல்லை. இருளுக்குப் பெயரிடாத அந்த நம்பிக்கையும் பகலில் ஏற்றிய விளக்குத்தான்.

இதைச் சொல்லும் நானும் தவறியவனே. பதினோராந் தர மாணவருக்கு 'இருளும் ஒளியும்' என்று கட்டுரையொன்று கொடுத்திருந்தேன். பெரும்பாலோர் கல்வி ஒளி, அறிவொளி, 2022இன் மின்வெட்டுக் காலத்தில் மெழுகுதிரியில் படித்தமை என்று எழுதியிருந்தனர். ஒரு மாணவி மட்டும், ஆண்டுதோறும் ஏப்ரலில் தன் வீட்டில் மெழுகுதிரி ஏற்றுவதை எழுதிவிட்டு, "முன்னரே தெரிந்திருந்தும் ஏன் தடுக்கவில்லை என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை" என்று முடித்திருந்தாள். நான் சிவப்பு மையால் 'விடயத்தினின்று விலகிச் செல்கிறது' என்று குறித்துப் புள்ளிகளைக் குறைத்தேன்.

ஏசாயாவும் யோவானும் அவள் பக்கம் நிற்பதைப் பின்னரே உணர்ந்தேன். அன்று விடயத்தை விட்டு விலகாதவள் அவள் ஒருத்தியே. அடுத்த வாரம் அக்குறிப்பை வெட்டிப் புள்ளிகளைத் திருத்தி, வகுப்பிலே அக்கட்டுரையை வாசிக்கச் செய்தேன். அவள் கேட்ட கேள்விக்குரிய விடை ஓர் ஆசிரியனிடம் இல்லை. அக்கேள்வியை விடயத்துக்குப் புறம்பானதென்று வெட்டாமலிருப்பது மட்டுமே நமது கையில் உள்ளது. நமது எழுத்துக்கும் இன்றைக்கு அதுவே முதற் கடமை.