ஸ்லிம் புத்தகமும் ஒரு தேதிக் கணக்கும்

வில்லியம் ஸ்லிம் 1956ல் எழுதிய 'டிஃபீட் இன்டு விக்டரி'யை மறுபடி படிச்சு முடிச்சேன். பாதி அம்பத்தூர் - சென்ட்ரல் லோக்கல் டிரெயின்லதான். பர்மாவில் தோற்ற படை அதே எதிரியை எப்படி ஜெயித்தது என்பது விஷயம். தன் தப்பைத் தானே ஒத்துக்கொள்ளும் தளபதி, அதனாலேயே பிடிக்கும். ஆனால் புத்தகத்தை மூடும்போது 'பயிற்சிதான் காப்பாற்றியது' என்ற எண்ணம் தங்கிவிடுகிறது. அங்கேதான் இடறுகிறது.

1939ல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம், 1945ல் 25 லட்சம். புது பட்டாலியன் கிளப்ப, பழையதிலிருந்து அனுபவசாலிகளை உருவினார்கள். ராணுவத்திலேயே இதற்கு 'பால் கறப்பது' என்று பேர். எஸ்டேட்ல வேலை பார்த்தவங்களுக்குச் சட்டுனு புரியும்: ரெண்டாவது யூனிட் திறந்தா நல்ல டர்னர் ரெண்டு பேர் அங்க போயிடுவாங்க, ரெண்டு இடத்துலயும் ரிஜெக்‌ஷன் ஏறும். மலாயாத் தோல்விக்கு இதுவும் ஒரு காரணம்.

1943 ஜூனில் டெல்லியில் காலாட்படைக் குழு கூடியது. புது ஆளுக்கு ரெஜிமென்ட் மையத்தில் 9 மாதம், அப்புறம் காட்டுப்போர்ப் பயிற்சி 2 மாதம் என்று ஏற்பாடு. அதற்காக 14, 39 ஆகிய டிவிஷன்கள் பயிற்சி டிவிஷன்களாயின. இந்த 14வது, அரக்கானில் அடி வாங்கித் திரும்பிய டிவிஷன். தோற்றவனையே வாத்தியாராக்கியது, என்னைக் கேட்டால், நல்ல யோசனை.

இப்போ கணக்கு. ஜப்பானியர்களை முதல்முறை தடுத்து நிறுத்திய 'அட்மின் பாக்ஸ்' சண்டை 1944 பிப்ரவரி. 1943 ஜூலையில் சேர்ந்தவன் 11 மாதம் முடிப்பது 1944 ஜூன். ஆக, முழுப் பயிற்சி பெற்ற புது ஆள் ஒருத்தன்கூட அங்கே இருந்திருக்க முடியாது! அங்கே நின்றவர்களுக்குக் கைகொடுத்தது டிவிஷன்கள் தாங்களே செய்துகொண்ட பயிற்சி, சுற்றி வளைத்தாலும் பின்வாங்காதே என்ற உத்தரவு, விமானத்தில் வந்து விழுந்த அரிசியும் தோட்டாவும். அடுத்து இம்பால், கோஹிமா பக்கம் வந்த ஜப்பானியர்களோ சுமார் மூணு வாரச் சாப்பாட்டோடு வந்தவர்கள். பசியையும் கணக்கில் சேர்க்கணும்.

அதற்காகப் பயிற்சியே வீண் என்று சொல்லவில்லை. காட்டுச் சண்டையில் 'சண்டை போடாதவன்' என்று யாரும் கிடையாது என்பது ஸ்லிம்மின் விதி. அட்மின் பாக்ஸில் கிளார்க்கும் கோவேறு கழுதை ஓட்டியவரும் துப்பாக்கி பிடித்தார்கள். அந்த விதி எந்த மையத்தின் பாடத்திட்டத்தாலும் வந்ததில்லை, 1942 பின்வாங்கலில் கற்றது.