மஞ்சள் உடையாமல் ஒன்று

முட்டை அப்பம் சாப்பிடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் குறைவு. வந்தாறுமூலையில் பொழுதுபட்டதும் வீதியோரத் தேத்தண்ணிக் கடையொன்றில் நின்று பார்த்தால் இது விளங்கும். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வளாகம் இங்கே இருப்பதால், பல ஊர்ப் பிள்ளைகளும் பசியோடு வந்து சேர்கிறார்கள். “முட்டை அப்பம் ரெண்டு” என்று சொல்லிவிட்டுக் கைபேசிக்குள் தலையை விடுகிறவனுக்கு ஏதோ இரண்டு அப்பம் வரும். அடுப்படிக்கே போய், “அக்கா, மஞ்சள் உடையாம ஒன்று, ஓரம் நல்லா முறுகட்டும்” என்கிறவனுக்கு வருவது வேறு. “நில்லுங்க மனே, சட்டி காயட்டும்” என்று பதில் வந்தால் அந்தக் கையை நம்பலாம்.

மாவிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஊறவைத்து இடித்த பச்சையரிசி மாவை முன்பெல்லாம் தென்னங்கள்ளு விட்டுப் புளிக்க வைத்தார்கள். இப்போது பெரும்பாலும் ஈஸ்ட். கள்ளு தரும் மெல்லிய புளிப்பு அதில் வராது என்பது என் கட்சி. தேங்காய்ப்பால் விட்டுக் கரைத்த மா ஓர் அகப்பை சட்டியில் விழுந்ததும், இரண்டு காதையும் பிடித்து ஒரு சுற்று. மேலே ஏறிய மா ஓரத்தில் வலையாக முறுகும். மிச்சம் இறங்கி நடுவில் தங்கும். அந்த நடுவில் சின்னச் சின்னத் துளைகள் திறக்கிற நேரம் பார்த்து முட்டையை உடைத்துவிட வேண்டும். முந்தினால் ஈர மா விலகி வெள்ளை சட்டியில் பிடித்துக்கொள்ளும். பிந்தினால் மாவும் முட்டையும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். பிறகு மூடி. பழைய கைகள் மூடியின் மேலும் சிரட்டைத் தணல் போடும். மேற்சூட்டில் வெள்ளை இறுக, மஞ்சள் தளும்பிக்கொண்டிருக்கும். எரிவாயு அடுப்பில் அந்த வேலையை மூடிக்குள் அடைபட்ட ஆவி செய்கிறது. ஆவி பட்டால் முறுகல் இளகும். ஆகவே கடைசியில் மூடியைத் திறந்து கொஞ்சம் விடச் சொல்லுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

முட்டை எவ்வளவு இறுக வேண்டும் என்று சண்டை பிடிக்கிற இன்னொரு நாடு ஸ்பெயின். உருளைக்கிழங்கை மெல்லிதாகச் சீவி, ஒலிவ் எண்ணெயில் முறுகவிடாமல் மெதுவாக வேகவைத்து வடித்து, அடித்த முட்டையில் ஊறவிட்டுத் தாச்சியில் ஊற்றி, தட்டொன்றால் மூடிக் கவிழ்த்து மறுபக்கமும் காட்டி எடுக்கும் தடித்த முட்டைப் பொரியல்தான் அவர்களுடைய டோர்ட்டியா. நவார்ராப் பகுதியின் 1817ஆம் ஆண்டு ஆவணமொன்றில், இரண்டு மூன்று முட்டையைக் கிழங்கு சேர்த்து ஐந்தாறு பேருக்குப் போதுமாக்கும் ஏழைக் குடியானவர் சமையலாக அது வருகிறது. வெங்காயம் சேரலாமா கூடாதா என்று இன்றும் இரண்டு கட்சி. கலீசியாவின் பெத்தான்சோஸ் ஊரில் வெங்காயம் கிடையாது. வெட்டினால் முட்டை வழிந்தோடும். அங்கேயும் விஷயம் தெரிந்தவர்கள் இறுகியதா, குழைவானதா என்று சொல்லித்தான் கேட்கிறார்கள்.

கிழங்குக்கு நமக்கும் பஞ்சமில்லை. நுவரெலியா, வெலிமடை, பதுளை என்று கிழங்கு விளையும் மலையெல்லாம் சுற்றி இறங்கும் ஏ5 வீதி வந்து முடிவது பக்கத்துச் செங்கலடியில். இருந்தும் கிழங்கை ரோல்ஸுக்குள்ளும் முக்கோண ரொட்டிக்குள்ளும் ஒளித்து வைத்ததோடு சரி. முட்டைக்குப் பக்கத்தில் சரியாசனம் கொடுத்தது அரிசி மாவுக்குத்தான்.

டோர்ட்டியா ஆறினாலும் குறைவில்லை, பாணுக்குள் வைத்தும் தின்னலாம். முட்டை அப்பத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்; ஒன்றைத் தின்னும்போது அடுத்தது சட்டியில் இருக்கட்டும். ஓரத்தை ஒடித்து மஞ்சளில் தொட்டுத் தொடங்குவதுதான் முறை. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசி சேர்த்து இடித்துத் தேசிக்காய்ப்புளி விட்ட கட்டச்சம்பல் வெள்ளைப் பகுதிக்கு. மஞ்சளுக்கு மிளகுத்தூள் போதும். சீனிச்சம்பலும் வைப்பார்கள். எனக்கு அது முட்டையோடு ஒத்துவருவதில்லை, வெறும் அப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் பார்சல் கட்டுவதென்றால் மட்டும் மஞ்சளை உடைத்து நன்றாக வேகவிடச் சொல்லுங்கள். சம்பலையும் தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.