‘ஊசி போட்டு இறந்தார்’ – ஒரு வாக்கிய ஆராய்ச்சி

‘ஊசி போட்டு இறந்தார்’ என்னும் வாக்கியம் 2021-ஆம் ஆண்டு முதல் நம் தமிழகத்தில் வழங்கி வருகிறது. மூன்றே சொற்கள், இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் இம்மூன்று சொற்கள் விளைத்த அச்சம் பெரிது. கலைஞரையும் விளையாட்டு வீரரையும் குறித்தே இது மிகுதியும் பேசப்பட்டது. அதனைக் கேட்டு அஞ்சியவர்களுள் நம் திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் உழைக்கும் எளிய மக்களும் இருந்தனர். ஆதலின் இவ்வாக்கியத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

‘போட்டு’ என்பது வினையெச்சம். ‘குளித்து உண்டான்’ என்னும்போது, எது முன், எது பின் என்னும் முறைமையை மட்டுமே எச்சம் தெரிவிக்கிறது; குளித்தமையால் உண்டான் என்று எவரும் பொருள் கொள்ளார். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்னும்போதோ அவ்வெச்சமே காரணத்தை உணர்த்துகிறது. அரபு இலக்கணத்திலும் இதற்கு ஒப்பானது உண்டு. ‘ஃப’ என்னும் ஓரெழுத்து இடைச்சொல் ‘உடனே பின்னர்’ என்றும் பொருள்படும். ‘அதனால்’ என்றும் பொருள்படும். இவ்விரண்டையும் பிரித்தறியப் பழக்குவது மதரஸா ஆசிரியரின் கடமைகளுள் ஒன்று. ஊசியைப் பற்றிய வாக்கியத்தில் இவ்விரு பொருளும் ஒன்றாய்க் கலந்துவிட்டன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் முன்னோர் சுட்டிய மயக்கம் இதுவே.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மக்களுக்கு ஊக்கம் அளிக்கும் நோக்குடன் பலர் காண ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் இதயம் தாக்குண்டு, 17-ஆம் நாள் காலமானார். இதயத்தின் முக்கிய இரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது என்றும், ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் மருத்துவர்கள் அன்றே கூறினர். தேசிய ஆய்வுக்குழுவும் அதே ஆண்டு அக்டோபரில், இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தமை தற்செயலே என்று முடிவு தெரிவித்தது. வதந்தி பரவ ஒரு நாள் போதும். ஆய்வின் முடிவுக்கு ஆறு திங்கள் வேண்டியிருந்தது. இவ்விடைவெளியில் எத்தனை பேர் தயங்கி நின்றனரோ!

விளையாட்டுக் களத்திற்கு வருவோம். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில், டென்மார்க்கின் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று சாய்ந்தார். ‘ஊசியின் விளைவு’ என்று உடனே உலகெங்கும் பேச்சு எழுந்தது. அவர் ஊசியே போட்டுக்கொள்ளவில்லை என்று அவருடைய இண்டர் மிலான் கழகத்தின் இயக்குநர் அறிவித்தார். உயிர் பிழைத்த எரிக்சன் மறு ஆண்டே களம் திரும்பினார். இத்தகைய வீழ்ச்சிகள் புதியனவும் அல்ல. கேமரூன் நாட்டின் மார்க் விவியன் ஃபோ 2003-இல் பிரான்சின் லியோன் நகரில் ஆடுகளத்தில் விழுந்து இறந்தார். 2004 டிசம்பரில் நம் அண்டை மாநிலத்துப் பெங்களூரில், ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் உயிர் நீத்தார். அந்நாளில் கொரோனாவும் இல்லை. அதற்கு ஊசியும் இல்லை. செய்தி ஒன்று வந்தால் ‘உனக்குச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?’ என்று அறிவிப்பாளர் வரிசையை வினவிய மரபில் வந்தவர்கள், எரிக்சனைப் பற்றிய பேச்சை அவ்வாறு ஒருமுறையேனும் வினவியிருக்கலாகாதா?

இனி மறுதரப்பாரின் பிழையையும் சொல்ல வேண்டும். ‘ஊசியால் எத்தீங்கும் இல்லை’ என்று அடித்துப் பேசியவர்களும் உண்மைக்குத் தொண்டு செய்யவில்லை. ஃபைசர், மாடர்னா ஆகிய எம்ஆர்என்ஏ வகை ஊசிகளுக்குப் பின், அரிதாக, பெரும்பாலும் இளைஞரிடம், இதயத்தசை அழற்சி காணப்பட்டது மெய். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக இரத்த உறைவு நேர்ந்ததும் மெய். இவற்றை மறைத்தவர்கள் வதந்திக்கே வலுவூட்டினர். முதலிலேயே சொல்லியிருந்தால் மக்கள் நம்பிக்கை வளர்ந்திருக்கும். அன்றியும், நம் நாட்டில் பெரும்பாலும் போடப்பட்டவை கோவிஷீல்டும் கோவேக்சினுமே. அயல்நாட்டு வீரரின் இதயத்தைப் பற்றிய அச்சம், இங்கே போடப்படாத ஊசியைப் பற்றியது என்பதனைக்கூட எடுத்துரைப்பார் அரியர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயது வரையினரின் காரணம் விளங்காத திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. ஊசி இவ்வாபத்தைக் கூட்டவில்லை என்பதும், குடும்பத்தில் முன்னரே திடீர் மரணம் நிகழ்ந்திருத்தல், அளவிறந்த குடி, இறப்பதற்கு முன் இரண்டு நாட்களுக்குள் செய்த கடும் உடலுழைப்பு ஆகியவை தொடர்புற்றிருந்தன என்பதும் அதன் சாரம்.

தயக்கத்திலும் ஏழை, செல்வர் என்ற வேறுபாடு உண்டு. டென்னிஸ் வீரர் ஜோகோவிச் ஊசி போட்டுக்கொள்ளாமையால் 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். தம் உடலுக்குள் செல்வதைத் தாமே முடிவு செய்ய வேண்டும் என்றார். அதற்காகச் சில போட்டிகளை இழந்தார். மறு ஆண்டே அங்கு வந்து பட்டமும் வென்றார். தயங்குவதற்கு அவருக்கு வசதி இருந்தது. அவரைப் போன்றோர் அணியும் விளையாட்டுப் பனியன்களைத் தைக்கும் ஊர் நம் திருப்பூர். பீஸ் ரேட்டுக்குப் பவர் டேபிளில் அமர்பவருக்கு, ஊசியால் வரும் ஒரு நாள் காய்ச்சல் ஒரு நாள் கூலியின் இழப்பு. நோயோ பல வாரக் கூலியை விழுங்குவது, சில வேளை உயிரையே கொள்வது. 2021 மே 20 அன்று 18 முதல் 44 வயதினருக்கான தடுப்பூசித் திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் திருப்பூரில், நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவிலேயே தொடங்கி வைத்தது இதனால்தான் பொருத்தமுடையது. அத்தொழிலாளி கேட்டது வீரரின் முன்மாதிரியை அன்று. ‘காய்ச்சல் வந்தால் என் கூலி என்னாகும்?’ என்னும் கேள்விக்கு விடையை. அதற்கு விடை சொல்வாரின்றி அவர் காதில் விழுந்தது வதந்தியே.

எனவே நாம் வேண்டுவது சிறியதொரு திருத்தம். காரணம் தெரியாத வரையில் ‘ஊசி போட்ட பின் இறந்தார்’ என்று சொல்லுக. ஆராய்ந்து தெளிந்த பின், உண்மையாயின், ‘ஊசியால் இறந்தார்’ என்று அஞ்சாது சொல்லுக. இரண்டையும் கலக்கும் எச்சத்தை மட்டும் விலக்குக. சொல்லைத் திருத்துவது புலவர் வேலை என்று எண்ணற்க. தவறான ஒரு சொல்லை நம்பி ஊசியைத் தவிர்த்தவருக்கு அது உயிரின் வேலை.