சுமக்காத உத்திரங்கள்

சென்னை மயிலாப்பூரிலோ புதுச்சேரியிலோ ஒரு பழைய வீட்டுக்குள் அண்ணாந்து பார்த்தால், தேக்குக் கட்டைகள் வரிசை பிடித்து நிற்கும். மெட்ராஸ் டெரஸ் என்ற கூரை அது. ஓரடி, ஒன்றரை அடி இடைவெளியில் கட்டைகளைப் போட்டு, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாக்கில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு பதிப்பார்கள். கம்பி கிடையாது, சென்ட்ரிங் கிடையாது. கூரையின் பாரம் முழுக்கக் கட்டைகளின் மேல்தான்.

இன்றைய அடுக்குமாடி ஹாலில் தெரியும் உத்திரம் பெரும்பாலும் வேறு ஜாதி. மேலே கான்கிரீட் தளம் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ள, அடியில் பிளைவுட் பெட்டியோ பாலியூரித்தேன் வார்ப்போ மர நிறத்தில் தொங்குகிறது. செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் ஒன்பதடி உயர அறையில் ஆறு அங்குலத்தை அது விழுங்கிவிடும். உள்ளே வெற்றிடம் இருந்தால் கரையானுக்கு மறைவிடமும் கிடைக்கும்.

உண்மையான உத்திரத்தைத் திறந்து வைப்பதன் முதல் லாபம், அதைக் கண்காணிக்க முடிவதே. விரிசல், கரையான் மண், மழைநீர்க் கறை எதுவானாலும் பால்ஸ் சீலிங்குக்கு மேலே வருடக்கணக்கில் ஒளிந்திருக்காது.

தீ விஷயத்திலும் பருத்த மரம் நினைப்பதைவிடக் கெட்டி. வெளிப்புறம் கரியாகி உட்புறத்தைக் காக்கும். கடின மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.5 மி.மீ. வீதம் கரியும் என்பது ஐரோப்பியக் கட்டுமான விதிகளின் கணக்கு. அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் சுமார் 15 மி.மீ. போகும். பாதுகாப்புப் பூச்சு இல்லாத இரும்போ 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பாதி வலிமையை இழந்துவிடும்.

குறைகளும் சிறியவை அல்ல. சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் உளுத்துப்போகும். திறந்த உத்திரத்திலும் கண்ணுக்குத் தெரியாத இடம் அது. மாடியில் நடப்பவரின் காலடி ஓசை கீழே கேட்கும். ஒயரிங்கை மறைக்க இடமிருக்காது. தூசும் ஒட்டடையும் தனி வேலை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய சிக்கல் மரத்துக்கு எங்கே போவது என்பது. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. நல்ல பர்மா தேக்கு வேண்டும் என்பவர்கள் இடித்த வீடுகளின் மரத்தைத் தேடிச் செட்டிநாட்டின் காரைக்குடிக் கடைகளுக்கு வருகிறார்கள். பழைய மரத்துக்கு மறுவாழ்வு என்று இதைப் பாராட்டலாம். இடிந்து விழுந்த வீட்டின் மரமென்றால் அந்தப் பாராட்டு நியாயமே. ஆனால் தூணுக்கும் உத்திரத்துக்கும் நல்ல விலை கிடைக்கிறது என்பதே பங்காளிகள் பலருக்குச் சொந்தமான ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்து விற்கத் தூண்டுதலாகிவிடுகிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றவை இந்தச் செட்டிநாட்டு ஊர்கள். புது வீட்டு ஹாலை அழகாக்கும் தேக்கு எந்த வீட்டு வளவிலிருந்து இறங்கியது என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.