ஆக்டிவிட்டிவாட்ச்: மூன்று நிமிடம் விரல் அசையாவிட்டால் ஆள் இல்லை

கணினியில் நேரத்தைக் கணக்கெடுக்கும் ஆக்டிவிட்டிவாட்சுக்கு என் விரல் மட்டும்தான் தெரியும். கண்ணும் மூளையும் அதன் கணக்கில் சேராது. விசைப்பலகையும் மவுஸும் 180 விநாடி சும்மா கிடந்தால், நாற்காலியில் ஆளே இல்லை என்று எழுதிக்கொள்கிறது. வாரக்கணக்கில் இதனோடு குடித்தனம் நடத்திவிட்டேன். மற்ற எல்லாமே பிடித்திருக்கிறது. ஆனால் என் தொழிலில் இந்த ஒரு குணம் பாதி நாளை விழுங்கிவிடுகிறது.

மலேசியாவில், கூலிமில் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுப்பவள் நான். லூனாஸ், பாடாங் செராய், கூலிம் டவுன் என்று சின்னச் சின்னக் கடைகள்: ஹார்ட்வேர், டயர், மளிகை, ஒரு கேட்டரிங். 1996-இல் திறந்த ஹைடெக் பார்க்குக்குள் இருக்கும் பெரிய கம்பெனிகளின் கணக்கெல்லாம் என் வாசலுக்கு வராது. எனக்கு வருவது பிளாஸ்டிக் பையில் முடிந்த ரசீது. கூலி மணிக்கணக்கில். முன்பெல்லாம் ‘இத்தனை மணி நேரம்’ என்று சொன்னால் கொடுத்துவிடுவார்கள். உள்நாட்டு வருமான வரி வாரியம் இ-இன்வாய்ஸை 2024 ஆகஸ்டில் மிகப் பெரிய நிறுவனங்களிடம் தொடங்கி, 2025 ஜூலையில் ஆண்டு விற்பனை 50 லட்சம் வெள்ளியைத் தாண்டியவர்கள்வரை இறக்கிவிட்டது. வேலை கூடியது, பில் கூடியது, கூடவே ‘அவ்வளவு நேரமா ஆச்சு?’ என்ற கேள்வியும் கூடியது. கையில் ஒரு சாட்சி இருக்கட்டும் என்றுதான் இதைப் போட்டேன்.

சாட்சிக்குக் காசு கிடையாது. ஸ்வீடனின் எரிக் பியாரெஹோல்ட் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். எந்த புரோகிராம் முன்னால் நிற்கிறது, அதன் தலைப்புப் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது, எத்தனை நேரம் இருந்தது என்று பதிந்துகொண்டே போகும். நாம் தட்டும் எழுத்தைப் படிக்காது, திரையைப் படம் பிடிக்காது. இந்த வகைச் சாமான்களில் பல, பதிவையெல்லாம் யாரோ ஒருவருடைய சர்வருக்கு அனுப்பிவிட்டு நமக்கு மாதச் சந்தா போடுகின்றன. இது பதிந்தது அத்தனையும் நம் கணினியை விட்டு வெளியே போகாது. இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பார்த்தாலும் வரைபடம் வரும்.

போடுவது எளிது, போட்டபின் ஓட வைப்பதில்தான் சில்லறைத் தொல்லை. முதலில் விண்டோஸ் ஒரு நீலப் பெட்டியைக் காட்டிப் பயமுறுத்தும். ‘மோர் இன்ஃபோ’ என்று பொடி எழுத்தில் இருப்பதை அமுக்கினால்தான் ‘ரன் எனிவே’ பொத்தான் தலைகாட்டும். அடுத்த தொல்லை ஆன்டிவைரஸ். இது பைத்தானில் எழுதி, ஒரே கட்டாகக் கட்டி அனுப்பப்படும் மென்பொருள். அப்படிக் கட்டியவற்றைப் பார்த்தால் சில ஆன்டிவைரஸ்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். முழுவதையும் தடுத்தால்கூடப் பரவாயில்லை. ஒரு துண்டை மட்டும் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, மீதியை ஓட விடும். அப்போது கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஐகான் இருக்கும், பக்கமும் திறக்கும், வரைபடம் மட்டும் வெறுமையாக இருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட ஓடாதீர்கள். ஐகானை வலது பக்கம் கிளிக் செய்தால் ‘மாட்யூல்ஸ்’ என்று வரும். சர்வர் ஒன்று, விண்டோவைப் பார்ப்பது ஒன்று, ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது ஒன்று. எதற்குப் பக்கத்தில் டிக் இல்லையோ அதுதான் செத்துக் கிடக்கிறது. ஆன்டிவைரஸின் சிறையிலிருந்து அதை விடுவித்து, இனித் தொடாதே என்று விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்தால் முடிந்தது. பக்கமே திறக்கவில்லையென்றால் சர்வர் ஓடவில்லை, அல்லது அதற்குரிய 5600-ஆம் போர்ட்டில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது. அதே மெனுவில் லாக் ஃபோல்டரும் இருக்கிறது. கடைசி நாலு வரியைப் படித்தாலே வியாதி தெரிந்துவிடும்.

குரோமுக்கோ ஃபயர்ஃபாக்ஸுக்கோ உரிய எக்ஸ்டென்ஷனைத் தனியாகப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் பக்கத்தின் தலைப்பு மட்டும்தான் பதியும், முகவரி பதியாது. என்னைப்போல் நாள் முழுக்க வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் கிடப்பவர்களுக்கு அது போதாது.

பதிவுகளை வகை பிரிக்க நாமே விதி எழுதலாம், அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது எனக்கு எதிர்பாராத சந்தோஷம். என் கோப்புகளுக்கெல்லாம் ‘டயர் கடை ஜூன்’, ‘மளிகை சம்பளம்’ என்று தமிழில்தான் பெயர். ‘டயர் கடை|ஹார்ட்வேர்’ என்று நடுவில் ஒரு கோடு போட்டு விதி எழுதினால், அந்தச் சொல் வரும் தலைப்பெல்லாம் ஒரே வகையில் விழுகிறது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருளிலேயே தமிழைக் கட்டம் கட்டமாகப் பார்த்துச் சலித்தவளுக்கு இது பெரிய விஷயம்.

சரி, அந்த மூன்று நிமிடத்துக்கு வருகிறேன். பெட்ரோல் நிலைய ரசீதுகளைப் பார்த்திருப்பீர்கள். வெயில் பட்ட காரில் ஒரு மாதம் கிடந்தால் எழுத்தெல்லாம் வெளுத்து, பால் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும். அதைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து, 48 வெள்ளியா 43 வெள்ளியா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வங்கி அறிக்கையில் தேதியைத் தேடிப் பொருத்தி, பின்பக்கம் வண்டி எண்ணைப் பென்சிலில் குறித்து வைத்தால் நாலு நிமிடம் போய்விடும். கணக்கு வேலையின் கஷ்டமே அந்த நாலு நிமிடம்தான். தட்டச்சு பிறகு பத்து விநாடி. ஆக்டிவிட்டிவாட்சின் கணக்கில் அந்தப் பத்து விநாடி வேலை, நாலு நிமிடம் நான் ஊரில் இல்லை.

மூன்று நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகிருந்து ‘இல்லை’ என்று குறித்தாலும் சமாதானம் ஆகலாம். அப்படியும் இல்லை. 180 விநாடி ஆனதும் பின்னால் திரும்பிப் போய், கடைசியாக விரல் பட்ட நொடியிலிருந்தே ‘இல்லை’ என்று எழுதுகிறது. எழுதியவர்களின் பக்கமும் நியாயம் உண்டு: எழுந்து போனவர் கடைசியாக மவுஸைத் தொட்ட நொடியில்தான் போயிருப்பார். எழுந்து போகாதவளைப் பற்றித்தான் அவர்கள் யோசிக்கவில்லை. யூடியூப்பில் எதையோ ஓடவிட்டு அவ்வப்போது மவுஸை ஆட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒரு மணி நேரமும் முழுசாக ஏறும்.

மருந்து இருக்கிறது. ஐகான் மெனுவிலேயே கான்ஃபிக் ஃபோல்டரைத் திறந்து, ஏஎஃப்கே வாட்சர் (ஏஎஃப்கே என்றால் விசைப்பலகையை விட்டு விலகியிருப்பது) என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்பை நோட்பேடில் திறக்க வேண்டும். ‘டைம்அவுட்’ என்ற வரியில் 180 இருக்கும். 600 ஆக்கினால் பத்து நிமிடம். இதில் இரண்டு பொறி. ஒன்று, அந்த வரிகளின் முன்னால் # குறி நிற்கும். அதை அழிக்காமல் எண்ணை மட்டும் மாற்றினால் ஒன்றும் நடக்காது. இன்னொன்று, கீழே ‘டெஸ்டிங்’ என்று இதே போல இன்னொரு பகுதி இருக்கும். அது மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு, நமக்கு இல்லை. மாற்றிவிட்டு, மெனுவில் வெளியேறி மறுபடி திறந்தால்தான் புது எண் செல்லுபடியாகும். ஜூம் கூட்டங்களுக்கு வேறு வழி: செட்டிங்ஸில், குறிப்பிட்ட தலைப்பு முன்னால் இருக்கும்வரை ஆள் இருப்பதாகவே எடுத்துக்கொள் என்று சொல்லி வைக்கலாம். நான் என் கணக்கு மென்பொருளின் பெயரை அதில் போட்டுப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டையும் குட்டித் தூக்கத்தையும் வாடிக்கையாளர் தலையில் கட்டியது. எடுத்துவிட்டேன்.

பத்து நிமிடம் வைத்தாலும் முழுத் தீர்வு இல்லை. இப்போது ரசீது பார்ப்பது ஏறுகிறது, கூடவே வாசலில் போஸ்ட்காரரோடு பேசியதும் ஏறுகிறது. பதிவுப் பக்கத்தில் ‘ஏஎஃப்கே நேரத்தை விலக்கு’ என்று ஒரு டிக் இருக்கிறது. அதை வைத்தால் ஒரு கூட்டுத்தொகை, எடுத்தால் இன்னொன்று. நான் உண்மையில் செய்த வேலை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. காகித வேலைக்கு இதிலேயே உள்ள ஸ்டாப்வாட்சைக் கையால் தட்டிவிடுகிறேன். தானாகக் கணக்கு எடுக்கும் என்று நம்பிப் போட்டதைக் கையால் ஓட்டுவது எரிச்சல்தான், வேறென்ன செய்ய.

அளவையை ஏமாற்றுவது புதிது இல்லை. என் அம்மா பாடாங் செராய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பேர் கொடுத்தது ஒரு கணக்கு, வெயில் ஏறியதும் ஸ்டோரில் பாலை நிறுத்துக் கொடுப்பது இன்னொரு கணக்கு. வாளியில் தண்ணீர் கலந்தால் எடை கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும், கணக்கெழுதும் கிராணிக்கும் தெரியும். அதனால் மெட்ரோலாக் என்ற மிதவையைப் பாலில் விட்டுப் பார்ப்பார். எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று அது சொல்லிவிடும். மவுஸை அதுவாக ஆட்டிக்கொண்டிருக்கும் ‘ஜிக்லர்’ என்ற சின்னச் சாமான் இணையக் கடைகளில் விற்கிறதே, அது இந்தக் காலத்துத் தண்ணீர். ஆக்டிவிட்டிவாட்சிடம் மெட்ரோலாக் கிடையாது. என்னை நானே ஏமாற்றிக்கொள்வதில் லாபம் இல்லை என்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை. மற்றவரை அளக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் தலைவலி. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை அசைவைப் போலியாக உண்டாக்கி வேலை பார்ப்பதுபோல் காட்டினார்கள் என்று சொல்லி, 2024 மே மாதம் பன்னிரண்டு பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. விரலை மட்டும் எண்ணினால் விரலை மட்டும்தான் தருவார்கள்.

இதைச் சொல்லக் காரணம், என் ஹார்ட்வேர் கடைக்காரர். பில்லோடு ஒட்டிக் கொடுத்த வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நல்ல சாமானா இருக்கே தங்கச்சி. கடையில ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கு, அதுலயும் போட்டுக் குடு. கவுண்டர் பையன் எந்நேரமும் என்னத்தையோ பாத்துக்கிட்டே இருக்கான்.”

“பையன்கிட்ட சொல்லிட்டுத்தானே அண்ணே?”

“சொன்னா அப்புறம் எப்படிப் பிடிக்கிறது?”

சொல்லாமல் போடக் கூடாது என்பது என் பிடிவாதம் மட்டும் இல்லை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 709-ஆம் சட்டம், 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. யாருடைய தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று எழுத்தில் அறிவிக்கச் சொல்கிறது. அந்த அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது. (தமிழில் கொடுத்தால் அந்தப் பையனுக்கு இன்னும் நன்றாகப் புரியும், அதை யாரும் கேட்கவில்லை.) 2024 திருத்தத்தில் இப்படிப்பட்ட கொள்கைகளை மீறுவதற்கான உச்ச அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சமாக ஏறியது. வெளிநாட்டிலும் இதே வழக்குதான். ருமேனியாவில் ஒரு பொறியாளரின் யாகூ மெசஞ்சர் அரட்டையை முதலாளி எடுத்துப் படித்து வேலையை விட்டு நீக்க, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2017 செப்டம்பரில் பொறியாளர் பக்கம் நின்றது. எந்த அளவுக்குக் கண்காணிப்போம் என்று முன்கூட்டியே அவருக்குச் சொன்னார்களா என்பதை ருமேனிய நீதிமன்றங்கள் பார்க்கவே இல்லை என்றது.

சட்டத்தை விடுங்கள். தலைப்புப் பட்டையில் என்னவெல்லாம் வருகிறது என்று பாருங்கள். மின்னஞ்சலின் பொருள் வரி வரும், கோப்பின் பெயர் வரும். ‘ராஜினாமா கடிதம்’ என்று ஒருவன் கோப்புக்குப் பெயர் வைத்தால் அதுவும் வரும். ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் பக்கம் திறந்தால் அதுவும் வரும். பதிவு பூட்டில்லாமல் கணினியில் கிடக்கும். அந்தக் கணினியைத் திறக்கத் தெரிந்தவர் எவரும் படிக்கலாம். தலைப்பே பதியாமல் செய்ய ஓர் அமைப்பு இருக்கிறது, என் வாடிக்கையாளர்களின் சம்பளக் கோப்புகளைத் திறக்கும் நாள்களில் அதைத்தான் போட்டு வைக்கிறேன். அப்போது வகை பிரிப்பு படுத்துவிடும், பரவாயில்லை.

இன்னும் ஒரு முணுமுணுப்பு. இதன் நாள் விடியற்காலை 4 மணிக்குத் தொடங்குகிறது. இரவில் கண் விழிக்கிற கணினிக்காரர்களுக்கு அது வசதி. மூன்றரைக்கு எழுந்து கோயிலுக்குப் போகும்முன் ஒரு பையைத் தீர்த்துவிடும் என்னைப் போன்றவர்களின் அரை மணி நேரம் நேற்றைய கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். செட்டிங்ஸில் மாற்றலாம். கைப்பேசிக்கும் ஆண்ட்ராய்டு செயலி உண்டு. ஆனால் அதன் பதிவு வேறு, இதன் பதிவு வேறு; இரண்டையும் சேர்க்கும் ஏற்பாடு இன்னும் பரிசோதனை அளவில்தான்.

தனியாளாக மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர், திரையிலேயே முழு வேலையும் பார்க்கிறவர் என்றால் யோசிக்காமல் போடுங்கள். காகிதத்தோடு மல்லுக்கட்டுகிறவர் என்றால் போட்ட அன்றைக்கே அந்த 180-ஐ மாற்றிவிடுங்கள். ஆள் வைத்து வேலை வாங்குகிறவருக்கு நான் சொல்வது வேறு. ஹார்ட்வேர் அண்ணனிடமும் அதையே சொன்னேன்: சாயங்காலம் எத்தனை பில் ஏறியிருக்கிறது, எத்தனை தப்பு, ஸ்டாக் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பையன் வேலை பார்த்தானா இல்லையா என்று அதிலேயே தெரியும்.

“அதையும் நான்தான் உக்காந்து பாக்கணுமா?” என்றார். “வேணாம் லா. அதுக்கு நான் சிசிடிவியவே பாத்துட்டுப் போறேன்.”