உப்புக்காற்றுக்கு மதிப்பெண் இல்லை

மும்பையின் விக்ரோலி கிழக்கில் பழைய குடியிருப்பு இடிபடும் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உடைந்த ஸ்லாப் துண்டுகளில் ஜல்லி நசுங்கியிருக்காது. கம்பிதான் செதில்செதிலாக உரிந்து கிடக்கும். கடலோர ஊரில் கான்கிரீட் பாரத்தால் சாவது அபூர்வம். கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது. தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. சிவில் மாணவர்களின் கான்கிரீட் ஆய்வகத்தை இங்கிருந்துதான் எடைபோட வேண்டும்.

சோதனைகளை எழுதும் ஏடு தமிழ்நாட்டில் ரெக்கார்டு நோட்டு, மும்பையில் ஜர்னல். பெயர்தான் வேறு. உள்ளே அதே விகாட் ஊசி, சல்லடை, ஸ்லம்ப் கூம்பு. எல்லாவற்றுக்கும் மேலே க்யூப். 150 மி.மீ. கட்டியை வார்த்து, 27 டிகிரித் தண்ணீரில் 28 நாள் போட்டு, மெஷினில் வைத்து நசுக்குவது. 562.5 கிலோநியூட்டன் தாங்கினால் எம்25 தரம் தேறியது என்று மாணவர் எழுதிவிடுகிறார்.

முதல் பிழை அங்கேயே. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் 25 சராசரி அல்ல. நூறு முடிவில் ஐந்துக்கு மேல் அதற்குக் கீழே போகக் கூடாது என்ற கணக்கு. திட்ட விலக்கம் 4 என்றால், கலவையை வடிவமைக்கும்போதே 31.6-ஐக் குறிவைக்க வேண்டும். மூன்று க்யூபில் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மாதிரியே செல்லாது. ஜர்னலிலோ மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டியே நிற்கும். எப்படி என்று கேட்பாரில்லை.

ஆனாலும் க்யூபைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். மலிவானது, எங்கே செய்தாலும் ஒரே முறை, மோசமான கலவையைக் காட்டிக்கொடுத்துவிடும். அது கலவைக்கான சோதனை, கட்டடத்துக்கானது அல்ல, அவ்வளவுதான். மாதிரி எடுத்த பிறகு ரெடிமிக்ஸ் லாரியில் ஊற்றும் ஒரு குடம் தண்ணீர் க்யூபுக்குத் தெரியாது. தொட்டியில் ஊறிய கட்டிக்கும் இரண்டு நாள் சாக்கு நனைத்த ஸ்லாபுக்கும் உறவு குறைவு.

பெரிய குறை வேறு. கடலோரக் காற்றுபடும் கம்பி கான்கிரீட்டுக்கு அதே ஐ.எஸ். 456 குறைந்தது எம்30, நீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்குள், கம்பியை மூடும் 45 மி.மீ. கான்கிரீட் கவர் கேட்கிறது. கம்பி பிழைப்பது இந்தக் கவரில்தான். பட்டப்படிப்பு ஜர்னலில் அதைச் சோதிக்கும் பக்கம் பெரும்பாலும் இருக்காது.

செலவு ஒரு சாக்கல்ல. புதிதாக உடைத்த பழைய ஸ்லாப் துண்டில் பினால்ப்தலீன் தெளித்தால், காரம் மிஞ்சிய இடம் ரோஜா நிறமாகும். கரியமிலவாயு தின்ற ஓரம் நிறமே மாறாது. இன்னொரு துண்டில் சில்வர் நைட்ரேட் தெளித்தால், உப்பு ஏறிய ஆழம் வரை வெளுத்துக் காட்டும், மீதி பழுப்பாகும். துண்டுக்கு விக்ரோலியில் பஞ்சமில்லை.

இந்த இரண்டு குப்பிகளும் மேசைக்கு வராதவரை, மும்பை மாணவருக்கு அது பாதி ஆய்வகம்தான்.