பாடு யார் பெயரில்?

பிரபா ஸ்ரீதேவனை நான் முதலில் அறிந்தது ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவராகத்தான். தீர்ப்புகளைத் தேடிப் படித்தது பிறகு. 2000 முதல் 2010 வரை சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. அதன்பின் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத் தலைவர். பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தை இந்திய நிறுவனம் ஒன்று மலிவாகத் தயாரிக்கத் தரப்பட்ட கட்டாய உரிமத்தை 2013இல் அவ்வாரியம் உறுதிசெய்தது. அவர் பெயரை உலகம் அறிந்தது அதனால்தான். நான் வகுப்புக்கு எடுத்துச்செல்வது 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

விபத்தில் தாயை இழந்த குழந்தைக்கான இழப்பீட்டு வழக்கு அது. இறந்தவர் இல்லத்தரசி. சம்பளமில்லாத உழைப்புக்கு விலை போடுவது எப்படி? அவர் வெளியே வேலைக்குப் போயிருந்தால் ஈட்டியிருக்கக்கூடியது, அவர் செய்ததையெல்லாம் செய்ய ஆள் வைத்தால் ஆகும் செலவு, கணவன் வருமானத்தில் சரிபாதி என்று வழிகளை எடுத்துப் பேசுகிறது தீர்ப்பு. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் இதை மேற்கோள் காட்டியது. சட்டத்தின் வறண்ட மொழிக்குள் அடுப்படி நுழைந்த இடம் என்றே இதைச் சொல்வேன்.

ஆனாலும் இந்தக் கணக்கு வீட்டுச் சுவரோடு நின்றுவிடுகிறது. பெண் உயிரோடிருக்கும்வரை யாரும் அதைப் போடுவதுமில்லை.

பசியாவரத்திலிருந்து வரும் என் மாணவி உதவித்தொகைப் படிவத்தில் அம்மாவின் தொழில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தாள். அம்மா விடியலில் இறாலைத் தரம் பிரிக்கிறார், கூடையோடு படகேறிப் பழவேற்காட்டுக்குப் போய் விற்கிறார், திரும்பி வந்து உலை வைக்கிறார். எது வீட்டு வேலை, எது தொழில்? பழவேற்காட்டு ஏரியில் வலையிடும் முறையைப் ‘பாடு’ என்பார்கள். இன்ன நாளில் இன்ன இடம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. முறை ஆண்களின் பெயரில் வரும். பாடு என்ற சொல்லுக்கு உழைப்பு, துன்பம் என்றும் பொருளுண்டு. அந்தப் பாடு பெண்களுக்கும் உண்டு. ஆள் வைத்தால் ஆகும் செலவைக் கணக்கிடும் நீதிமன்றம், பாட்டில் பெயரில்லாத இந்தப் பெண்ணுக்கு எந்த வேலைக்கு ஆள் தேடும்?

“அப்ப என்ன மிஸ் எழுதறது?” என்றாள் மாணவி.

மீன் தொழில் என்று திருத்தச் சொன்னேன். வகுப்பு ஆசிரியர் என்ற முறையில் கையெழுத்தும் போட்டேன். சான்று இணைக்கவில்லை என்று படிவம் திரும்பி வந்தது. அவள் அப்பாவின் பாட்டுச் சீட்டைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தாள்.